சாக்ஸபோன் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி

ரேடியோவில் ஒரு பழைய பாட்டு பாதியில் ஆரம்பித்தால்கூட, பாடுவது டி.எம்.எஸ்ஸா பி.பி.ஸ்ரீநிவாஸா என்று சொல்ல நமக்கு அரை வரி போதும். அதை யாரும் நம்மை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே காதுதான் சாக்ஸபோன் என்று வந்தவுடன் கையை விரித்துவிடுகிறது. "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, ராத்திரி, மழை, ஜன்னல், யாரோ ஒருத்தர் சோகமா ஊதுறார்" என்று நானும் பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அப்புறம் ஒரு நாள் ஒரு சின்ன விஷயம் பிடிபட்டது. வேகமாக வாசிக்கும் இடங்களில் ஆளைத் தேடக்கூடாது, நின்று வாசிக்கும் இடத்தில் தேட வேண்டும். நம்மூர் பாஷையில் சொன்னால் கார்வையில் தேட வேண்டும். அந்தக் கார்வை எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது, அதாவது ஸ்வரத்தின் தலையும் வாலும். முக்கால்வாசிப் பேரை வாலை வைத்தே பிடித்துவிடலாம்.

இது வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் கட்டுரை இல்லை, கேட்கப் பழகுவதற்கு. தேவையானவை சுமாரான ஒரு ஹெட்போன், ஒரு நோட்டு, தினம் இருபது நிமிடம். கீழே சொல்கிற பதிவுகள் எல்லாமே தேடினால் கிடைப்பவைதான்.

முதலில், கையில் இருப்பது எந்தச் சாக்ஸபோன் என்று தெரிய வேண்டும். பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கியபோது ஒரு குடும்பத்துக்கே சேர்த்து வாங்கினார். அதில் இன்று நம் காதில் விழுவது பெரும்பாலும் நான்கு: சொப்ரானோ, ஆல்டோ, டெனார், பாரிடோன். உடம்பு பித்தளை, ஆனால் சத்தம் பிறப்பது நாணலைச் சீவிச் செய்த ஒற்றை ரீடில். நாகஸ்வரத்துச் சீவாளிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையாக இருந்தும் மேற்கத்தியர்கள் இதைப் புல்லாங்குழல், கிளாரினெட் வரிசையில் சேர்ப்பது இதனால்தான். சொப்ரானோ பெரும்பாலும் நேராக, சின்ன நாகஸ்வரம் போல இருக்கும், குரலும் மூக்கு வழியாக மேலே போகும். ஆல்டோ பெண் குரல், டெனார் ஆண் குரல், பாரிடோன் தொண்டை கட்டிய பெரியப்பா. ஆல்டோவா டெனாரா என்று சந்தேகம் வந்தால் கூடவே முணுமுணுத்துப் பாருங்கள். ஆணாக இருந்து, உங்கள் குரல் வசதியாகப் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் டெனார். எக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் ஆல்டோ. இந்த விதி சில பேரிடம் பொய்த்துவிடும், அவர்களைப் பற்றிக் கீழே வருகிறேன், நானே அதில் அசிங்கப்பட்டிருக்கிறேன்.

ஆல்டோ, டெனார் என்று பிரித்ததுமே பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள். மிச்சத்துக்குத்தான் வால்.

ஒரே பாட்டில் மூன்று பேர்

பயிற்சியை இங்கிருந்து தொடங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்வது ஒரு கறுப்பு-வெள்ளை வீடியோவைத்தான். 1957 டிசம்பர் 8, அமெரிக்காவின் சி.பி.எஸ் தொலைக்காட்சியில் 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்று ஒரு நேரடி நிகழ்ச்சி. அதில் பில்லி ஹாலிடே தானே எழுதிய 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாடுகிறார். மெதுவான ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ஒரு பாட்டு வடிவம், ஒரு சுற்றுக்கு 12 பார், அதாவது நம் கணக்கில் பன்னிரண்டு குட்டி ஆவர்த்தனம் மாதிரி. பில்லியைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் டெனார் சாக்ஸபோனின் மூன்று பெரிய தலைகள் இருக்கின்றன, பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங், கோல்மன் ஹாக்கின்ஸ். ஒரே வாத்தியம், ஒரே பாட்டு, ஒரே சுருதி, ஒரே அறை. ஆளை ஆளோடு ஒப்பிட இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பில்லி ஒரு சுற்று பாடி முடித்ததும் வருவது வெப்ஸ்டர். ஸ்வரம் முடிகிற இடத்தைக் கவனித்தால், சத்தம் போன பிறகும் காற்று கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும், சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு "ஃபூ...". தாடையைத் தளர்த்தி, ரீடை இறுக்காமல், குழலுக்குள் சத்தத்தைவிடக் காற்றை அதிகமாக அனுப்பினால் இது வரும். கீழ் ஸ்வரங்களில் இன்னும் தெளிவாகக் கேட்கும். வெப்ஸ்டரின் முத்திரை அந்தக் காற்றுதான். ஒரு தடவை காதில் ஏறிவிட்டால் இந்த ஜென்மத்தில் மறக்காது.

அடுத்து எழுந்து நிற்பவர் லெஸ்டர் யங். உடம்பு சரியில்லாத மனிதர், அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள் 1959 மார்ச்சில் போய்விட்டார். ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். அதில் ஸ்வரங்களை எண்ணிவிடலாம், அவ்வளவு குறைச்சல். வெப்ஸ்டரின் கனம் இல்லை, குரல் லேசாக, ஏறக்குறைய ஆல்டோ மாதிரி. கார்வையில் ஆட்டம் கிட்டத்தட்ட கிடையாது. ஸ்வரத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார், கோலப்பொடியில் புள்ளி வைக்கிற மாதிரி. இப்போது கண்ணைத் திறந்து பில்லியின் முகத்தைப் பாருங்கள். இவருக்கு 'ப்ரெஸ்' என்று பட்டம் வைத்தவர் பில்லி, பில்லிக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தவர் இவர். அந்த அரை நிமிடத்துக்கு பில்லி தலையை ஆட்டிக்கொண்டே பார்க்கிற பார்வைக்கு நான் விளக்கம் எழுதப் போவதில்லை.

ஹாக்கின்ஸ் இன்னும் கொஞ்சம் தள்ளி வருவார். நடுவில் ஒரு டிராம்போனும், பாரிடோன் சாக்ஸபோனோடு ஜெர்ரி மல்லிகனும் வந்துவிட்டுப் போவார்கள். அத்தனை பெரிய குழாயை இவ்வளவு இலகுவாக ஊதுகிறாரே என்று தோன்றினால் அவர்தான் மல்லிகன், அதற்கு மேல் அடையாளம் தேவைப்படாது. ஹாக்கின்ஸ் வரும்போது சத்தம் திடீரென்று அகலமாகிவிடும். ஸ்வரம் பிறந்த உடனேயே ஆட ஆரம்பிக்கும், பெரிய அலை, மேடைப் பேச்சாளர் மைக்கைப் பிடித்த மாதிரி. வாலில் காற்று இல்லை, தயக்கம் இல்லை, கதவைச் சாத்துவது போல முடிப்பார்.

இந்த ஒரு வீடியோவை ஒரு வாரம் தினமும் கேளுங்கள். நோட்டில் ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். என் நோட்டில் இருப்பது: வெப்ஸ்டர் – காற்று, லெஸ்டர் – புள்ளி, ஹாக்கின்ஸ் – அலை. உங்களுக்கு வேறு வார்த்தை தோன்றினால் அதுதான் சரி, என் வார்த்தையைக் காப்பி அடித்தால் உங்கள் காதுக்கு அது வேலை செய்யாது.

இரண்டு கட்சி

ஹாக்கின்ஸ், லெஸ்டர் இருவருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டால் அடுத்த முப்பது வருஷத்து டெனார்க்காரர்களைப் பாதிக்குப் பாதி பிரித்துவிடலாம். ஹாக்கின்ஸ் 1939 அக்டோபர் 11-ல் பதிவு செய்த 'பாடி அண்ட் சோல்' மூன்று நிமிடம்தான். அதில் மூல மெட்டை ஆரம்பத்தில் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார், மீதி முழுக்கக் கார்ட்களின் மேல் ஏறி இறங்குவதுதான். கார்ட் என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. அதில் உள்ள ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஏணிப்படி மாதிரி மிதித்துக்கொண்டு மேலே போவார், கீழே வருவார். லெஸ்டருக்கு ஏணி வேண்டாம். அவர் தரையோடு நடக்கிறவர், பாட்டுக்குள்ளேயே இன்னொரு பாட்டை இழுத்துக்கொண்டு போவார். ஒரு பாட்டை வாசிப்பவனுக்கு அதன் வரிகளும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

1934-ல் ஹாக்கின்ஸ் ஐரோப்பாவுக்குப் போனதும் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழுவில் அவர் இடத்துக்கு வந்தது லெஸ்டர். குழுவில் இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஹாக்கின்ஸ் மாதிரி கனமாக இல்லையே என்று. ஹெண்டர்சனின் மனைவி காலையில் அவரை எழுப்பி ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவாராம், இப்படி ஊதக் கற்றுக்கொள் என்று. பாவம், விருந்தாளியாகத் தங்கியிருந்த வீட்டில் காலைக் காபிக்கு முன்னால் இது வேறு. லெஸ்டர் மாறவில்லை, குழுவைவிட்டுத்தான் போனார். அவரிடம் இன்னொரு தந்திரம் உண்டு. ஒரே ஸ்வரத்தை வேறு வேறு விரல் வைப்பில் மாற்றி மாற்றி வாசிப்பார். உயரம் மாறாது, நிறம் மட்டும் மாறும், "ஊ-ஆ-ஊ-ஆ" என்று. இது காதில் விழுந்தால் லெஸ்டர், அல்லது அவர் கட்சிக்காரர் யாரோ.

அந்தக் கட்சியில் நமக்கு எளிதாகக் கிடைப்பவர் ஸ்டான் கெட்ஸ். 1963-ல் பதிவாகி 1964-ல் வந்த 'கெட்ஸ்/ஜில்பெர்டோ' ஆல்பத்தில் 'தி கேர்ள் ஃப்ரம் இபனீமா' பாட்டை எடுங்கள். முதலில் ஜுவாவ் ஜில்பெர்டோ போர்த்துகீசியத்தில், அப்புறம் ஆஸ்ட்ரூட் ஆங்கிலத்தில், அவர் முடித்ததும் கெட்ஸ். ஸ்வரம் நேராகத் தொடங்கும், ஆடாது, போகப்போகக் கடைசியில் லேசாக ஒரு நடுக்கம் வரும். சத்தத்தோடு கொஞ்சம் மூச்சும் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் வெப்ஸ்டரிடம் வாலில் தனியாக வரும் காற்று கெட்ஸிடம் ஸ்வரம் முழுக்கப் பூசினாற்போல இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது, அவசரப்படாதீர்கள்.

அந்தப் பக்கக் கட்சியில் இருந்து பார்த்தால் டெக்ஸ்டர் கார்டன் தனி ரகம், இரண்டு கட்சியிலும் சாப்பிட்டவர். 1962-ல் பதிவான 'கோ' ஆல்பம் போதும். தாளம் முன்னால் போய்க்கொண்டிருக்கும், இவர் கல்யாண வீட்டுக்கு லேட்டாக வருகிற மாமா மாதிரி பின்னாலேயே நிதானமாக வருவார், ஆனால் பந்தி முடிவதற்குள் சரியாக வந்துவிடுவார். தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து, பெரிய சத்தத்தில், நடுவில் ஏதோ வேறு பாட்டின் ஒரு வரியையும் செருகிவிட்டுப் போனால் டெக்ஸ்டர்.

ஆல்டோ: இங்கே தலையையும் பாருங்கள்

வால் விதிக்கு முதல் விலக்கு ஜானி ஹாட்ஜஸ். டியூக் எலிங்டன் குழுவில் 1928-லிருந்து, நடுவில் சில வருஷம் தவிர்த்து, 1970-ல் இறக்கும் வரை இருந்த ஆல்டோக்காரர். அவரை ஸ்வரத்தின் தலையில்தான் பிடிக்க வேண்டும். நேராகப் போய் ஸ்வரத்தில் நிற்க மாட்டார், கீழே எங்கோ தொடங்கி வழுக்கிக்கொண்டே மேலே வந்து உட்காருவார். நமக்கு ஜாரு பழக்கம் என்பதால் இது உடனே பிடித்துப்போகும். பித்தளை வாத்தியத்தில் நெய் தடவியிருக்கிறதோ என்று தோன்றினால் ஹாட்ஜஸ்.

சார்லி பார்க்கர் விஷயத்தில் எல்லாரும் செய்கிற தப்பு, முதலில் போய் 1945-ல் பதிவான 'கோ-கோ'வைக் கேட்பது. அது மின்னல் வேகம், புதுக்காதுக்கு வெறும் இரைச்சலாகத்தான் விழும், "இதுல என்ன இருக்கு" என்று மூடிவைத்துவிடுவீர்கள். 1948-ல் பதிவான 'பார்க்கர்ஸ் மூட்' எடுங்கள், அது மெதுவான ப்ளூஸ். ஆல்டோவின் சத்தம் இங்கே இனிப்பாக இல்லை, கொஞ்சம் வறண்டு, ஓரம் கூர்மையாக, பேசுகிற குரல் போல இருக்கும். ஒரு வாக்கியத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வருவார், திடீரென்று அதே தாளத்துக்குள் இரட்டிப்பு வேகத்தில் பிருகா மாதிரி ஒரு கொத்து விழும், மறுபடி ஒன்றுமே நடக்காதது போல மெதுவான பேச்சு. அந்தக் கொத்து எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று ஊகிக்கவே முடியாது, அதுதான் பார்க்கர். ஊகிக்க முடிந்தால் அவர் இல்லை, அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். இதில் ஒரு பொறியும் இருக்கிறது. சானி ஸ்டிட் என்பவர் ஆல்டோ வாசித்தால் பார்க்கர் மாதிரியே இருக்கும், பழகிய காதும் சறுக்கும். அதில் தோற்றால் வெட்கப்பட வேண்டாம். பார்க்கர் 34 வயதில், 1955-ல் போய்விட்டார் என்பதால் பதிவு சுத்தமான ஸ்டீரியோவில் இருந்தால் ஸ்டிட்டாகத்தான் இருக்கும் என்று நான் ஒரு திருட்டு வழி வைத்திருக்கிறேன், அதை நீங்களும் பயன்படுத்தலாம்.

இப்போது நான் அசிங்கப்பட்ட கதை. ஒரு நண்பர் வீட்டில் இந்த ஆட்டம்தான் ஆடிக்கொண்டிருந்தோம், அவர் போன் திரையைத் துணியால் மூடிவிட்டுப் பாட்டைப் போடுவார், மற்றவர்கள் சொல்ல வேண்டும். மென்மையான, மூச்சு கலந்த, எங்கேயும் அவசரப்படாத சாக்ஸபோன். நான் உடனே "கெட்ஸ்" என்றேன். "நிச்சயமா?" என்றார். "பந்தயம் கட்டுறேன்" என்றேன். துணியை எடுத்தால் பால் டெஸ்மண்ட். ஆல்டோக்காரரை டெனார்க்காரர் என்று சொல்லியிருக்கிறேன், முதல் கேள்வியிலேயே தோல்வி, அன்றைக்கு எல்லாருக்கும் பரோட்டா என் செலவு.

ஆனால் ஏன் தப்பு நடந்தது என்று வீட்டுக்கு வந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டபோதுதான் இந்த வால் விஷயமே பிடிபட்டது. கெட்ஸ் டெனாரின் மேல் பாதியில் அதிகம் வாசிப்பவர், டெஸ்மண்ட் ஆல்டோவை அடக்கி வாசிப்பவர், இரண்டு பேரும் நடுவில் ஒரே இடத்தில் வந்து சந்தித்துக்கொள்கிறார்கள், மேலே சொன்ன ஆண் குரல் பெண் குரல் விதி இங்கேதான் உதைக்கிறது. வாலில் பாருங்கள். கெட்ஸின் வாலில் நடுக்கம் இருக்கும், டெஸ்மண்டின் வால் ஆடாமல் மெலிந்து மெலிந்து காணாமல் போய்விடும், ஊதுபத்திப் புகை மாதிரி. டிரை மார்ட்டினி (இனிப்பில்லாத ஒரு காக்டெயில்) மாதிரி ஒலிக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டவர். 1959-ல் பதிவான 'டேக் ஃபைவ்' அவர் போட்ட மெட்டு. ஐந்து எண்ணிக்கைத் தாளம், நம் கண்டசாபுவில் 2+3 என்று விழுவது அதில் 3+2 என்று விழும். கையில் தட்டிக்கொண்டே கேட்டால் அவர் எவ்வளவு சாவகாசமாக அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும்.

ஆர்னெட் கோல்மனைப் பற்றி ரொம்ப எழுதப் போவதில்லை. 1959-ல் வந்த 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' ஆல்பத்தில் 'லோன்லி வுமன்' கேளுங்கள். பியானோவே கிடையாது. பிளாஸ்டிக் ஆல்டோ, சுருதி வேண்டுமென்றே கொஞ்சம் அங்கே இங்கே சாயும், ஒப்பாரி வைக்கிற குரல். முதல் தடவையே தெரிந்துவிடும், பிடிக்கிறதா என்பது வேறு விஷயம்.

கரகரப்ரியாவில் ஒரு தேர்வு

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' டிரம்பெட் ஆல்பம்தான், ஆனால் சாக்ஸபோன் பழகுவதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் குறைவு. 1959 மார்ச், ஏப்ரல் இரண்டு நாள்களில் நியூயார்க்கில் பதிவானது. ஆல்டோவில் கேனன்பால் ஆடர்லி, டெனாரில் ஜான் கோல்ட்ரேன். 'ஸோ வாட்' பாட்டைப் போடுங்கள். அதில் கார்ட் மாற்றம் என்று பெரிதாக எதுவும் இல்லை, டோரியன் என்று அவர்கள் சொல்லும் ஒரே ஸ்வர வரிசை, அது நம் கரகரப்ரியாவின் ஆரோகண அவரோகணமேதான். நடுவில் எட்டு பாருக்கு மட்டும் மொத்தமும் அரை ஸ்தானம் மேலே ஏறிவிட்டு மறுபடி இறங்கிவிடும். ராகம் தெரிந்த காதுக்கு இது வீட்டுத் திண்ணை, யார் என்ன செய்கிறார்கள் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

மைல்ஸ் முடித்து, ஏறக்குறைய மூன்றரை நிமிடத்தில் கோல்ட்ரேன் நுழைவார். சத்தத்தில் ஈரமே இல்லை, இரும்புக் கம்பி மாதிரி நேராக, கனமாக, கார்வையில் ஆட்டம் ஏறக்குறைய இல்லாமல். சின்ன ஒரு ஸ்வரக்கட்டை எடுத்துக்கொண்டு அதைத் திருப்பிப் போட்டு, மேலே தூக்கிப் போட்டு, ஒன்று கூட்டி ஒன்று குறைத்து, பூட்டுக்குச் சாவி தேடுகிறவர் போல முயன்றுகொண்டே இருப்பார். ஐந்தேகால் நிமிடம் வாக்கில் கேனன்பால் வருவார், அறையில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். உருண்டையான, எண்ணெய் மினுக்கும் ஆல்டோ, வழுக்கல், குலுக்கல், ப்ளூஸ் வாசனை, சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் அவர் அடையாளம், சோகப்பாட்டிலும் அது எட்டிப் பார்க்கும். 'ஆல் ப்ளூஸ்' பாட்டில் இந்த வரிசை மாறும், அங்கே மைல்ஸுக்கு அப்புறம் கேனன்பால் முதலில், கோல்ட்ரேன் பின்னால். உங்களுக்கே தெரிகிறதா என்று சோதிக்க அது வசதி.

கோல்ட்ரேனை அங்கேயே விட்டுவிடாதீர்கள். 1960-ல் பதிவான 'மை ஃபேவரிட் திங்ஸ்' அவர் சொப்ரானோவில் வாசித்தது, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் போகும். கீழே பியானோ இரண்டு கார்ட்களை மாற்றி மாற்றி, தம்பூரா சுருதி போலப் பிடித்துக்கொண்டிருக்கும், மேலே இவர் விரித்துக்கொண்டே போவார். ரவிசங்கரின் இசையில் ஈடுபாடு உள்ளவர், மகனுக்கே ரவி என்று பெயர் வைத்தார். 1964 டிசம்பர் 9-ல் பதிவான 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் ஒரு விசேஷம் உண்டு. ஆல்பத்தோடு அச்சிட்ட அவருடைய பிரார்த்தனைக் கவிதையை, பாடாமல், அசை அசையாகச் சாக்ஸபோனிலேயே சொல்லியிருக்கிறார். கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வார்த்தைகள் வந்து விழுவது தெரியும். நாகஸ்வரத்தில் சாகித்யம் கேட்கப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் குறைவு, அனுபவம் அதிகம்.

சொப்ரானோ என்று வந்ததால் ஒரு குறுக்குச் சாலை. பெரிய பெரிய அலையாக, ஒவ்வொரு ஸ்வரமும் கோழி சிறகடிப்பது போல ஆடினால் அது நியூ ஆர்லியன்ஸ்காரர் சிட்னி பெஷே, பழைய பதிவாகவும் இருக்கும். ஆடாமல், தேடுகிற குரலாக இருந்தால் கோல்ட்ரேன். பளபளவென்று, எதிரொலி சேர்த்து, லிப்ட் போல வழவழப்பாக மேலே போய்க் கீழே வந்தால் கென்னி ஜி. அவரைத் திட்டுவது ஜாஸ் ரசிகர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. நான் திட்ட மாட்டேன், எனக்கு முதன்முதலில் சாக்ஸபோன் என்றால் என்ன என்று தெரியவைத்ததே ஒரு தேய்ந்த கென்னி ஜி கேசட்தான்.

நம் பக்கத்து ஆல்டோ

1994-ல் பாலசந்தரின் 'டூயட்' வந்தபோது படம் முழுக்க ஓடிய சாக்ஸபோன், கத்ரி கோபால்நாத்துடையது. அவர் மங்களூர்ப் பக்கத்தில் நாகஸ்வர வித்வானின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து ஆசைப்பட்டு, பின்னாளில் சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கற்றுக்கொண்டு, கச்சேரி மேடைக்கு அதைக் கொண்டுவந்தவர். அவரைக் கண்டுபிடிக்கத் தலை, வால் இரண்டும் வேண்டாம், நடுவைப் பாருங்கள். நாகஸ்வரத்தில் இருப்பது வெறும் துளைகள், விரலைப் பாதி எடுத்தால் பாதி ஸ்வரம் வரும். சாக்ஸபோனில் சாவிகள், மூடினால் ஒன்று, திறந்தால் இன்னொன்று, நடுவில் எதுவும் இல்லை. அந்த இல்லாத இடத்தை உதட்டாலும் மூச்சாலும் உண்டாக்கித்தான் கமகம் கொடுக்க வேண்டும். கார்வை நிற்கும்போதே ஸ்வரத்தின் வயிற்றில் ஒரு அசைவு, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வருவது, அது மேற்கத்திய வைப்ரேட்டோ மாதிரி சீரான நடுக்கமாக இருக்காது, ராகத்துக்கு ராகம் மாறும். அது கேட்டால் கத்ரி.

அமெரிக்காவில் உள்ள ருத்ரேஷ் மகந்தப்பாவும் ஆல்டோதான். 2008-ல் வந்த 'கின்ஸ்மென்' ஆல்பத்தில் இருவரும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள், வயலினில் ஏ.கன்யாகுமாரி. மகந்தப்பாவின் சத்தம் ஓரம் கூர்மையாக, பார்க்கர் வழியில் வந்த வேகத்தோடு, கொஞ்சம் கோபமாக இருக்கும். இரண்டு ஆல்டோவும் மாறி மாறி வருகிற இடங்களில் யார் எப்போது என்று சொல்ல முடிந்தால் நீங்கள் என் நண்பர் வீட்டு ஆட்டத்துக்கு வரலாம்.

பயிற்சி பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. ஒரு வாரத்துக்கு இரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். மெதுவான பாட்டுகளை மட்டும் எடுங்கள், வேகத்தில் எல்லாரும் ஒரே போலீஸ் யூனிஃபார்மில் இருப்பார்கள். ஒரே முப்பது விநாடியைப் பத்துத் தடவை கேட்பது, பத்து ஆல்பத்தை ஒரு தடவை கேட்பதைவிட உபயோகம். 1930-களின் பதிவுகளில் மேல் ஓசையும் கீழ் ஓசையும் வெட்டுப்பட்டிருக்கும், அங்கே வால் சரியாகக் கேட்காது, அதனால் ஒரு ஆளின் பிந்திய பதிவில் அவரைப் பழகிக்கொண்டு அப்புறம் பின்னோக்கிப் போங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "வெப்ஸ்டரிடம் காற்று எதுவும் கேட்கலையே" என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

சானி ரோலின்ஸைக் கடைசிக்கு வைத்தேன், காரணம் இருக்கிறது. 1956-ல் பதிவான 'செயின்ட் தாமஸ்' பாட்டில் அவர் தன் தனி ஆவர்த்தனத்தை இரண்டே ஸ்வரத்தில் தொடங்குவார். அந்த இரண்டையே தாளத்தில் முன்னே தள்ளி, பின்னே இழுத்து, எடுப்பை மாற்றி வைத்து, கல்பனாஸ்வரத்தில் ஒரே கணக்கைப் பல இடத்தில் பொருத்திப் பார்க்கிற வித்வான் மாதிரி விளையாடுவார். ஸ்வரத்தை நீட்டுவதைவிட வெட்டுவது அவருக்குப் பிடிக்கும், வால் குட்டையாக, முறித்தாற்போல இருக்கும், கூடவே ஒரு நக்கல் சிரிப்பு. இவ்வளவு பேர் வாங்கிய பிறகும் 1959-ல் கச்சேரிகளை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் போய் நின்று, ஏறக்குறைய இரண்டு வருஷம் சாதகம் செய்தவர்.

தேர்வுத் தாள் இதுதான்: 'டெனார் மேட்னெஸ்', 1956 மே மாதப் பதிவு. ரோலின்ஸும் கோல்ட்ரேனும் இருவருமே டெனார், பன்னிரண்டு நிமிடம், ப்ளூஸ். இரும்புக் கம்பியா, முறித்த வாலா என்று மட்டும் பாருங்கள். கேட்டு முடித்துவிட்டு அடுத்த வரியைப் படியுங்கள்.

முதலில் வாசிப்பவர் கோல்ட்ரேன், அடுத்தவர் ரோலின்ஸ். பாட்டின் பின்பகுதியில் இருவரும் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிக்கிற மாதிரி நாலு நாலு பாராக மாற்றி மாற்றி வாசிப்பார்கள், அதில் ஒன்றிரண்டு இடம் எனக்கு இன்னும் குழப்பம்தான், போன வாரமும் தப்பாகச் சொன்னேன்.